கடலோரத்தில் ஒரு பூச்சியம்

உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். அது காட்டும் மணி யார் கொடுத்த மணி என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? சூரியன் கொடுத்தது என்பீர்கள். அப்படியானால் பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வந்திருக்க வேண்டுமல்லவா? கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ 12 மணிக்கு வாசலில் இறங்கி நின்று பாருங்கள். சூரியன் இன்னும் கிழக்குப் பக்கமே நிற்கும். உச்சிக்கு வர அதற்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரமாவது வேண்டும்.

நம் கடிகாரத்தின் கணக்கு தொடங்கும் இடம் இங்கே இல்லை. பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே வடக்கும் தெற்குமாக ஓடுகிற ஒரு கோட்டிலிருந்துதான் உலகத்தார் எல்லாரும் மணி எண்ணுகிறார்கள். அந்தக் கோடு இங்கிலாந்து மண்ணை விட்டுக் கடலில் இறங்கும் இடத்தில் ஒரு கல் தூண் நட்டிருக்கிறார்கள். அந்தத் தூணைப் பற்றியும், அதிலிருந்து நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்த மணியைப் பற்றியுமே இந்தக் கட்டுரை.

ஊரின் பெயர் பீஸ்ஹேவன். பிரைட்டன் என்ற பெரிய கடற்கரைப் பட்டணத்துக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அங்கே கடற்கரை என்றால் போர்ட்டிக்சன் போல மணலும் தென்னையும் இல்லை. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறை கடல் ஓரத்தில் சுவர் போலச் செங்குத்தாக நிற்கிறது. அதன் தலைமேல் புல்தரை. அந்தப் புல்தரையில், படி வைத்த பீடத்தின்மேல், மேலே போகப் போகக் கூம்பிச் செல்கிறது அந்தத் தூண்.

இது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவுத் தூணும் ஆகும். மன்னர் 1936 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் தூணைத் திறந்து வைத்தார்கள். அந்த ஊரில் வாழ்ந்த கமாண்டர் டேவன்போர்ட் என்பவர் எடுத்த முயற்சி அது. சாம்ராஜ்யத்தின் பல நகரங்கள் அங்கிருந்து எத்தனை மைல் என்று தூணில் பொறித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்கு உலகத்தை அளக்க அது ஒரு நல்ல இடமாகத் தோன்றியிருக்க வேண்டும். தூணில் பொறித்த அந்தச் சாம்ராஜ்யம் இன்று இல்லை. தூண் மட்டும் இருக்கிறது.

ஊர் பிறந்த கதையும் சுவையானது. 1916-ல் சார்ல்ஸ் நெவில் என்ற நில வியாபாரி, அந்தப் பாறை மேட்டைத் துண்டு துண்டாக விற்பதற்காக, ஊருக்குப் பெயர் வைக்கும் போட்டி ஒன்றைப் பத்திரிகைகளில் அறிவித்தார். பரிசு கிடைக்காதவர்களில் பலருக்கு, "உங்களுக்கு ஒரு மனை இலவசம்" என்று கடிதம் போனது. ஆனால் பத்திரம் எழுதும் செலவுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். "இலவசம், ஆனால் முதலில் கொஞ்சம் பணம் கட்டுங்கள்" என்று நம் கைப்பேசிக்கு வரும் செய்திகளுக்கு நூறு வயது மூத்த அண்ணன் இருந்திருக்கிறான் பாருங்கள்! விஷயம் நீதிமன்றம் வரை போனது. போட்டியில் வென்ற பெயரும் நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே "சமாதானத் துறைமுகம்" என்று பொருள்படும் பீஸ்ஹேவன் என்ற பெயரை வைத்தார்கள்.

சரி, கோட்டுக்கு வருவோம்.

தர்பூசணியின் முதல் கோடு எது?

பூகோள உருண்டையில் குறுக்கே ஓடும் கோடுகள் அட்சரேகைகள். நெடுக்கே ஓடும் கோடுகள் தீர்க்கரேகைகள். குறுக்குக் கோடுகளில் எது முதல் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. சுற்றும்போது இரு முனைகளுக்கும் நட்டநடுவில் இருப்பது பூமத்திய ரேகை. அதை இயற்கையே போட்டுக் கொடுத்துவிட்டது.

நெடுக்குக் கோடுகளின் கதை வேறு. ஒரு தர்பூசணிப் பழத்தைக் கையில் எடுங்கள். காம்பிலிருந்து அடிவரை பச்சைக் கோடுகள் ஓடுகின்றன. இவற்றில் முதல் கோடு எது? உங்களால் சொல்ல முடியாது. எந்தக் கோட்டில் விரலை வைத்து "இதுதான் ஒன்று" என்கிறீர்களோ, அதுதான் ஒன்று. பூமியும் அப்படித்தான். பூச்சியத் தீர்க்கரேகை என்பது பூமியில் கண்டுபிடித்த ஒன்றல்ல. மனிதர்கள் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஒன்று.

எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் உருண்டையைத் தொட்டுக்கொண்டே கேட்டாள், "ஐயா, அந்தக் கோட்டைத் தாண்டும்போது காலுக்குத் தெரியுமா?" வகுப்பே சிரித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். காலுக்குத் தெரியாது. கண்ணுக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் அங்கே கல்லை நட்டார்கள்.

அப்படி ஒரு கோடு ஏன் தேவைப்பட்டது? கப்பலுக்காக. நடுக்கடலில் ஒரு மாலுமி, தான் வடக்கே தெற்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தையோ துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ பார்த்துச் சொல்லிவிடுவான். கிழக்கே மேற்கே எவ்வளவு என்பதுதான் பிடிபடாது. 1707-ல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் நான்கு, தாங்கள் இருக்கும் இடம் தெரியாமல் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20,000 பவுன் வரை பரிசு என்று அறிவித்தது.

பெரிய பெரிய வானநூல் பண்டிதர்கள் நிலவையும் நட்சத்திரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தச்சரின் மகன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பெயர் ஜான் ஹாரிசன். 1693-ல் பிறந்தவர். அவருடைய யோசனை மிக எளிமையானது. பூமி 24 மணியில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கப்பல் புறப்பட்ட ஊரின் மணியை ஒரு கடிகாரம் தவறாமல் காட்டிக்கொண்டிருந்தால், நடுக்கடலில் சூரியன் உச்சிக்கு வரும்போது அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால் போதும். 4 நிமிட வித்தியாசம் இருந்தால் ஒரு பாகை தள்ளி இருக்கிறோம். 40 நிமிடம் என்றால் 10 பாகை.

சொல்வது எளிது. ஆடுகிற கப்பலில், உப்புக் காற்றில், குளிரிலும் வெயிலிலும் பிசகாத கடிகாரம் செய்ய வேண்டுமே! ஹாரிசன் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாள் பயணத்தில் 5 வினாடிதான் பின்தங்கியது. அப்படியும் பரிசைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். கடைசித் தொகை 1773-ல் கைக்கு வந்தபோது அவருக்கு 80 வயது. பட்டம் பெறாத தச்சனுக்கு அவ்வளவு எளிதில் கொடுத்துவிடுவார்களா என்ன?

ஆளுக்கொரு பூச்சியம்

கடிகாரம் வந்துவிட்டது. ஆனால் எந்த ஊர் மணியை அதில் வைப்பது? பிரெஞ்சுக்காரர் பாரிஸ் என்றார்கள். ஆங்கிலேயர் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கிரீனிச் வானாய்வுக் கூடம் என்றார்கள். அவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டுக்கு முன்பே இந்திய வானநூலார் உஜ்ஜயினி வழியே ஒரு பூச்சியக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடு தெற்கே பூமத்திய ரேகையைத் தொடும் இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இலங்கை. இப்போதைய இலங்கைத் தீவு அல்ல, கணக்குக்காக வைத்த ஓர் இடம்.

சென்னையிலும் ஒரு கல் உண்டு. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியபோது, தொலைநோக்கியைத் தாங்குவதற்காகப் பெரிய கருங்கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அந்த இடத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாக வைத்தே இந்தியாவின் பெரிய நில அளவை நடந்தது. சென்னை மணிதான் பின்னாளில் இந்திய ரயில்களின் மணியாகவும் ஓடியது. நம் முன்னோர்கள் கப்பலேற நாகப்பட்டினத்துக்கு ரயிலில் வந்து இறங்கிய காலத்தில், அந்த ரயில்கள் பார்த்து ஓடியது இந்தத் தூணின் மணியைத்தான்.

1884 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். உலகத்துக்கு ஒரே பூச்சியம் வேண்டும் என்பதே பேச்சு. கிரீனிச்சுக்கு 22 நாடுகள் கை தூக்கின. ஒரு நாடு எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கிரீனிச் வென்றதற்குக் காரணம் வானமும் அல்ல, அறிவும் அல்ல. உலகக் கப்பல் சரக்கில் நூற்றுக்கு 72 பங்கு அப்போதே கிரீனிச் வரைபடத்தை வைத்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசியாவிலிருந்து ஜப்பான் போனது. துருக்கி போனது. இந்தியாவையும் மலாயாவையும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நமக்கும் சேர்த்து முடிவாயிற்று.

பிரான்சு என்ன செய்தது தெரியுமா? 1911 வரை தன் பாரிஸ் மணியையே வைத்துக்கொண்டிருந்தது. பிறகு வேறு வழியில்லாமல் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தில் கிரீனிச் என்ற சொல்லே வரவில்லை. "பாரிஸ் மணியிலிருந்து 9 நிமிடம் 21 வினாடி பின்னால்" என்று எழுதினார்கள். அதுதான் கிரீனிச் மணி! அண்ணன் வீட்டுப் பெயரை வாயால் சொல்லமாட்டேன், ஆனால் அவன் வீட்டு விருந்துக்குப் போவேன் என்ற கதை.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பீஸ்ஹேவன் தூணில் இறங்கிய கோடு, சுமார் 160 கிலோமீட்டர் கடலைக் கடந்து, பிரான்சின் வில்லேர் சூர் மேர் என்ற கடற்கரை ஊரில் கரை ஏறுகிறது. அந்த ஊரில் கோடு கரை ஏறும் இடத்தைப் பயணிகளுக்கு இன்று பெருமையாகக் காட்டுகிறார்கள். பெயரைச் சொல்லவே கூசிய கோடு இப்போது ஊருக்கு விளம்பரம்.

ஆனால் அங்கே கோட்டின்மேலே நின்றாலும் கிரீனிச் மணி கிடைக்காது. 1940-ல் ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்ததும் பெர்லின் மணியைக் கொண்டுவந்தது. போர் முடிந்த பிறகும் பிரான்சு ஒரு மணி முன்னால் இருக்கும் மணியிலேயே தங்கிவிட்டது. குளிர் காலத்தில் அங்கே சூரியன் உச்சிக்கு வர 1 மணி ஆகிறது, கோடைக் காலத்தில் 2 மணி. பீஸ்ஹேவனிலேயே மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிவரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். பூச்சியக் கல்லின் பக்கத்தில் நின்றாலும் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் ஒத்துப்போவதில்லை என்றால் நாம் எம்மாத்திரம்!

கோடு அங்கிருந்து ஸ்பெயின், அல்ஜீரியா, மாலி, புர்கினா பாசோ, டோகோ என்று இறங்கி, கானா நாட்டின் தேமா துறைமுகத்தின் வழியே மறுபடி கடலில் இறங்குகிறது. கானாவும் நாமும் சுதந்திரம் பெற்றது ஒரே ஆண்டில்: அவர்கள் 1957 மார்ச்சில், நாம் ஆகஸ்டில். அந்தக் கரைக்குத் தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் தாண்டினால் பூச்சியத் தீர்க்கரேகையும் பூமத்திய ரேகையும் வெட்டிக்கொள்ளும் இடம். அங்கே வெறும் தண்ணீர்தான். வானிலை பார்க்கும் மிதவை ஒன்று பல ஆண்டுகள் அங்கே கட்டப்பட்டிருந்தது. கணினிக்காரர்கள் அந்த இடத்துக்கு விளையாட்டாக ஒரு தீவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். இடம் எழுத மறந்த விவரங்களையெல்லாம் கணினி அந்த இல்லாத தீவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுமாம்!

நகரும் கரை, நகரும் கோடு

மறுபடி பீஸ்ஹேவனுக்கு வாருங்கள். சுண்ணாம்புப் பாறை மெதுவானது. கீழே அலை அடித்து அடித்து அடிப்பாகத்தைக் குடைகிறது, மேலே மழை ஊறிப் பிளக்கிறது. ஒருநாள் ஒரு துண்டு பொத்தென்று விழுகிறது. அதனால் தூண் விளிம்புக்கு மிக அருகே வந்துவிட, அதைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைத்தார்கள். எங்கு வேண்டுமானாலும் வைக்க முடியாதல்லவா? கோடு ஓடும் திசையிலேயே வடக்கே தள்ள வேண்டும். ஓர் அடி கிழக்கே போனாலும் பூச்சியத்தை விட்டு விலகிவிடும். பாறையின் அடியில் இப்போது கான்கிரீட் சுவர் எழுப்பி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

கல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கோடு கல்லை விட்டுப் போய்விட்டது! இன்று அந்தத் தூணின் பக்கத்தில் நின்று கைப்பேசியில் இடம் பார்த்தால் பூச்சியம் வராது. கிழக்கே சுமார் 100 மீட்டர் நடந்தால்தான் வரும். கிரீனிச்சிலும் அதே கதைதான். அங்கே தரையில் பதித்த கோட்டிலிருந்து 102 மீட்டர் தள்ளிக் காட்டுகிறது.

யார் பிழை? யார் பிழையும் இல்லை. கிரீனிச் கோட்டைப் போட்டவர் ஏரி என்ற வானநூலார். 1851-ல் தம் தொலைநோக்கியால் நட்சத்திரங்கள் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்தார். தொலைநோக்கி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தட்டில் பாதரசம் ஊற்றி வைத்துக்கொண்டார். கொத்தனார் தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் நேர் பார்க்கிறாரே, அதே வேலைதான். ஆனால் தூக்குக்குண்டு எல்லா இடத்திலும் பூமியின் நடு மையத்தைப் பார்த்துத் தொங்குவதில்லை. பூமி சீரான உருண்டை அல்ல. சுற்றியுள்ள மண்ணும் பாறையும் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் லேசாகவும் இருந்தால் குண்டு ஒரு மயிரிழை சாய்ந்துவிடும். இன்றைய செயற்கைக்கோள்கள் தூக்குக்குண்டை நம்புவதில்லை. பூமியின் மையத்திலிருந்தே அளக்கின்றன. அந்த மயிரிழைச் சாய்வுதான் தரையில் 102 மீட்டராகத் தெரிகிறது.

பயணிகள் என்னவோ இன்றும் பழைய கல்லின் பக்கத்தில்தான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 100 மீட்டர் தள்ளி வெறும் புல்லில் நின்று படம் எடுத்தால் யார் நம்புவார்கள்?

நம் கடிகாரத்தை நகர்த்தியவர்கள்

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். கிரீனிச் கோட்டிலிருந்து கோலாலம்பூர் கிழக்கே 101.7 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள். 6 மணி 47 நிமிடம் வருகிறது. அதுதான் சூரியன் நமக்குக் கொடுத்த மணி. கிரீனிச்சுக்கு 6 மணி 47 நிமிடம் முன்னால் நாம் இருக்க வேண்டும். இன்று 8 மணி முன்னால் இருக்கிறோம். நடுவில் இருக்கும் 1 மணி 13 நிமிடம் எப்படி வந்தது?

ஒரே நாளில் வந்ததல்ல. 1905-ல் மலாயாவின் மணி, கிரீனிச்சுக்கு 7 மணி முன்னால் என்று ஆயிற்று. அது 105 பாகைக் கோட்டின் மணி. ஜொகூருக்குக் கிழக்கே கடலில் ஓடும் கோடு. 1933-ல் பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்த என்று சொல்லி 20 நிமிடம் சேர்த்தார்கள். ஆபீசு விட்டு வருகிறவர்களுக்கு மாலையில் விளையாட வெளிச்சம் வேண்டுமாம். அந்த மணி 110 பாகையின் மணி, கூச்சிங் பக்கம். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டி 7 மணி 30 நிமிடம் ஆக்கினார்கள். நம் கடிகாரத்தின் சூரியன் சரவாக்கின் நடுப்பகுதிக்குப் போய்விட்டது.

சில மாதங்களிலேயே ஜப்பான்காரன் வந்தான். 1942 பிப்ரவரியில் தோக்கியோ மணி என்று ஒன்றரை மணி நேரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினான். பிரான்சில் ஜெர்மன்காரன் செய்ததையே இங்கே அவன் செய்தான். ஊரைப் பிடிக்கிறவன் முதலில் கொடியை மாற்றுகிறான், அடுத்தது கடிகாரத்தை. அந்த மூன்றரை ஆண்டில் காலை 6 மணி என்றால், கோலாலம்பூர் வானத்தில் உண்மையில் 3 மணி 47 நிமிடம்தான். 1945-ல் பழைய ஏழரை திரும்பியது.

கடைசி மாற்றம் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு 11.30 மணி. அடுத்த நொடி, புத்தாண்டு 12 மணி! சபா சரவாக்கோடு தீபகற்பமும் ஒரே மணியில் ஓட வேண்டும் என்று எடுத்த முடிவு. சிங்கப்பூரும் அன்றிரவே சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் நம் ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த அரை மணியில் பிறந்த குழந்தை இங்கே ஒன்றுகூட இல்லை. அன்றுமுதல் நம் கடிகாரம் 120 பாகைக் கோட்டின் மணியைக் காட்டுகிறது. அந்தக் கோடு பிலிப்பீன்சின் மேற்குக் கரையோரம் போகிறது.

ஒரே நாட்டுக்கு ஒரே மணி என்பதில் நியாயம் உண்டு. மாலை 7 மணிக்கும் திடலில் பிள்ளைகள் பந்து விளையாட முடிகிறதே, அதுவும் நல்லதுதான். ஆனால் அதற்கான விலை எங்கே கொடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

பால் மரம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. விடியுமுன் குளிர்ச்சியில் மரத்துக்குள் நீரின் அழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழுத்துக்கொள்ளும். பால் குறையும், சீக்கிரம் உறைந்தும் போகும். ஆகவே வெட்டு மரத்தின் மணிப்படி நடக்கிறது. பெரட்டு கடிகாரத்தின் மணிப்படி நடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது நம் அம்மாமார்கள்.

என் தாயாரும் பால் வெட்டியவர்தான். கடிகாரத்தில் 4 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவார். அந்த 4 மணி, சூரியக் கணக்கில் 2 மணி 47 நிமிடம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகும்போதும் நடு இரவின் இருட்டுதான். பழைய மணியில் ஆறரையிலிருந்து ஏழுக்குள் விடிந்தது, புது மணியில் ஏழிலிருந்து ஏழரைக்குள் விடிகிறது. வானம் மாறவில்லை. முதல் மணி அடிக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அரை மணி தள்ளி வைக்காத இடங்களில், தூக்கத்தில்தான் அரை மணி குறைந்தது.

இன்று தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. நம்மவர்கள் பலர் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். இருட்டு மட்டும் கூடவே வந்திருக்கிறது. ஐந்தரைக்கு எழுப்பினால் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும் பிள்ளையை "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அது 4 மணி 17 நிமிடம். முதல் பாட நேரத்தில் கொட்டாவி விடும் பிள்ளையை நானும் இப்போதெல்லாம் எழுப்பி நிறுத்துவதில்லை.

ஒரு குச்சியும் ஒரு கயிறும்

நீங்கள் பீஸ்ஹேவன் போக வேண்டாம். அந்தக் கல்லிலிருந்து உங்கள் வீடு எத்தனை பாகை கிழக்கே இருக்கிறது என்பதை வாசலிலேயே கண்டுபிடிக்கலாம். பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள்.

சூரியனும் ஆண்டு முழுக்க ஒரே சீராக வருவதில்லை. பிப்ரவரி நடுவில் கோலாலம்பூரில் 1.27-க்குத்தான் உச்சிக்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் 12.57-க்கே வந்துவிடும். ஆண்டில் நான்கு நாட்களில்தான் இந்தக் கூடுதல் குறைவு இல்லாமல் ஒத்துப்போகும். நமக்கு வசதியானவை இரண்டு: ஜூன் 13, டிசம்பர் 25. ஜூனில் மழை வந்தால் கிறிஸ்மஸ் விடுமுறையில் செய்யலாம்.

சமமான தரையில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். நேராக இருக்கிறதா என்பதை நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அதுதான் ஏரியின் பாதரசம். பகல் 12 மணி சுமாருக்கு நிழலின் நுனியில் ஓர் ஆணி அடித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குச்சியில் கயிற்றைக் கட்டி, அந்த ஆணி தூரத்துக்கு வட்டமாக ஒரு கோடு கீறுங்கள். நிழல் குறுகி உள்ளே போகும், பிறகு நீண்டு வெளியே வரும். ஜூனில் அது தெற்கே விழும், டிசம்பரில் வடக்கே விழும். நிழலின் நுனி மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறியுங்கள். முதல் நேரத்துக்கும் இரண்டாம் நேரத்துக்கும் நட்டநடுவில் இருப்பதுதான் உங்கள் வாசலின் உச்சிப்பொழுது.

அது 12 மணியைத் தாண்டி எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதை 4-ஆல் வகுத்து, 120-லிருந்து கழியுங்கள். கோலாலம்பூரில் 1.13 வரும். 73 நிமிடம். வகுத்தால் பதினெட்டே கால். கழித்தால் நூற்றொன்றே முக்கால் பாகை. சுங்கை பட்டாணியில் இருப்பவர்களுக்கு 1.18 வர வேண்டும். ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் 1.05. ஒரு நிமிடம் முன்பின் ஆனால் கவலை வேண்டாம். அது கால் பாகைதான், ஏறத்தாழ 28 கிலோமீட்டர். கைக்கடிகாரத்தை மட்டும் முந்தைய இரவு வானொலி மணியோடு சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.